டம்ளருக்கு அடியில் இருந்த காளான்

வீட்டில் காளான் வளர்க்கிறேன் என்று சொன்னால் மொட்டுக் காளானா, சிப்பிக் காளானா என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். இரண்டும் இல்லை என்று சொல்வதில் எனக்கு ஒரு திமிர் இருந்தது. நான் வளர்த்தது கடையில் கிடைக்காத ஜாதி. குளிர்ப் பிரதேசங்களில் வெட்டிப் போட்ட மரச்சில்லுக் குவியல்களில் தானாக முளைப்பது. இளசாக இருக்கும்போது குடை கறுப்புத் திராட்சையின் நிறத்தில் இருக்கும், காம்பில் பற்சக்கரம் மாதிரி வெட்டுவெட்டான ஒரு வளையம் இருக்கும். அதற்குத் தமிழில் பெயர் உண்டா என்று தெரியவில்லை. எங்கள் வீட்டில் சிவப்புக் காளான் என்றோம்.

செகந்திராபாத் திருமுல்கேரியில் ஒரு பழைய காலனியில் கீழ் வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம், நானும் மனைவியும். பின்பக்கம் மாமரத்துக்கு அடியில் ஒரு ஆள் படுக்கிற அளவுக்கு நிழலான மண் இருக்கிறது. அங்கேதான் பாத்தி போட்டேன். ஒரு நர்சரியில் கிளைகளை அரைத்துச் சில்லாக்கும் மெஷின் வைத்திருந்தார்கள். நாலு மூட்டை வாங்கி வந்து டிரம்மில் பத்து நாள் ஊறப்போட்டேன். அந்த நாற்றத்துக்கு மனைவி பின்கதவையே திறக்கவில்லை. தரையில் அட்டைப்பெட்டிகளைப் பிரித்து விரித்து, மேலே சில்லு, சில்லுக்கு நடுவே மலைப்பக்கத்திலிருந்து கூரியரில் வந்த காளான் வித்து, எல்லாவற்றுக்கும் மேலே வைக்கோல். பிறகு தினமும் தண்ணீர் தெளிப்பதும் வைக்கோலைத் தூக்கிப் பார்ப்பதும்தான் வேலை. ஒரு மாதத்தில் சில்லுகளை வெள்ளை நூல் பின்னிப் பிடித்திருந்தது. டிசம்பர்க் குளிரில் முதல் காளான் தலையைக் காட்டியது.

மனைவிக்கு ஆரம்பத்திலிருந்தே பயம். எங்கள் மதுரைப் பக்கம் மழைக்காலத்தில் காளான் பறித்துச் சாப்பிட்டு ஒரு குடும்பமே ஆஸ்பத்திரிக்குப் போன கதை எல்லா ஊரிலும் ஒன்று இருக்கும். அவள் ஊரிலும் இருந்தது. நான் சிரித்தேன். காசு கொடுத்து வாங்கின வித்து, நெல் விதைத்தால் நெல்தானே முளைக்கும் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சாப்பிட்டாள். நன்றாக இருக்கிறது என்றும் சொன்னாள்.

நெல் விதைத்த வயலில் களையும் முளைக்கும் என்பதை நான் அவளிடம் சொல்லவில்லை. இரண்டாவது அறுவடைக்குள் பாத்தியில் வேறு ஏதேதோ முளைக்க ஆரம்பித்துவிட்டது. சாணி நிறத்தில் சிறுசுகள், ஒரு நாள் இருந்து மறுநாள் மையாக உருகிப் போகிறவை. அவள் எழுவதற்கு முன்னால் பிடுங்கி எறிந்தேன். படிக்கப் படிக்க எனக்கே உதறல் எடுத்தது. மரச்சில்லில் வளர்கிற ஜாதிகளில் ஆளைக் கொல்கிறதும் உண்டு. சாப்பிட்ட அன்று ஒன்றும் தெரியாது. மறுநாள் வாந்தி வரும், பிறகு தேறிவிட்ட மாதிரி இருக்கும், அதற்கப்புறம் ஈரலைப் பிடிக்கும்.

அதனால் எனக்கு நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். சந்தேகமான குடையைக் காம்பு நீக்கி வெள்ளைத் தாளில் கவிழ்த்து, மேலே கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்து வைத்தால் நாலைந்து மணி நேரத்தில் அதன் பொடி தாளில் படியும். கருஊதாவாகப் படிந்தால் நம் காளான். துருப்பிடித்த நிறத்தில் படிந்தால் குழி தோண்டிப் புதைக்க வேண்டும். டம்ளர் எதற்கு என்று மனைவி ஒருமுறை கேட்டாள். எறும்பு ஏறாமல் இருக்க என்றேன். பொய்தான். நெல் கதை சொன்ன வாயால் வேறு என்ன சொல்வது?

மாடியில் இருக்கும் அக்கா மூன்று தலைமுறையாக செகந்திராபாத்காரர். அவர் கணவரை நாங்கள் அண்ணன் என்போம், லாலாகுடா ரயில்வே பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குடிவந்த புதிதில் அக்கா சாம்பார் கொடுத்தனுப்பிய டப்பாவை மனைவி கழுவித் திருப்பிக் கொடுத்தாள். அக்கா மூடியைத் திறந்து பார்த்தார். "காலியா நக்கோ அம்மா, குடுக்கக் கூடாது. ஒண்ணும் இல்லேன்னா ஒரு ஸ்பூன் சக்கரையாவது போட்டுக் குடு. காலி டப்பா குடுத்தா இனிமே உங்க வீட்டுச் சங்காத்தமே வேணாம்னு அர்த்தம்" என்று சிரித்தார். அன்றிலிருந்து எந்தப் பாத்திரமும் வெறுமனே மாடிப்படி ஏறியதில்லை, இறங்கியதும் இல்லை.

போன குளிர்காலத்தில் அண்ணனுக்கு மஞ்சள் காமாலை வந்து உடம்பு பாதியாகிப் போனது. தேறிய பிறகும் சாப்பாடு இறங்கவில்லை. கறி, மீன் எல்லாவற்றையும் டாக்டர் நிறுத்தியிருந்தார். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுகிறார் என்று அக்கா வந்து அழுவார். அப்போது நாங்கள் கொடுத்த சிவப்புக் காளானை மிளகு போட்டு வதக்கிக் கொடுத்ததும் அவர் இரண்டாவது முறை சோறு கேட்டாராம். அக்காவுக்குக் காளான் வாசனையே ஆகாது, மூக்கைப் பொத்திக்கொண்டு சமைத்தேன் என்றார். நான் ஏதோ வைத்தியன் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன்.

ஜனவரியில் பாத்தி களைத்துப் போயிற்று. மின்கம்பியில் உரசுகிறது என்று எங்கள் தெருவில் வெட்டிப்போட்ட கிளைகளிலிருந்து கிடைத்த தூளையும் சில்லையும் அள்ளிவந்து ஒரு மூலையில் பரப்பினேன். என்ன மரம், எத்தனை நாள் தரையில் கிடந்தது, எதுவும் தெரியாது. மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அந்த மூலையில் எட்டுக் காளான் இருந்தன. வெளிறிய பழுப்பு நிறம். வளையம் ஒன்றில்கூட இல்லை. சிவப்புக் காளானும் முற்றி வெயில் பட்டால் வெளிறும், வளையம் உதிரும். அதுவாகவும் இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம். மற்ற பக்கத்தில் நல்ல சிவப்பில் ஐந்தாறு இருந்தன. அவற்றைக் கூடையிலேயே விட்டுவிட்டு, இந்த எட்டின் காம்பையும் கிள்ளிச் சமையலறை மேடையில் வெள்ளைத் தாளில் கவிழ்த்தேன். இரண்டுக்கு டம்ளர் மூடினேன். ஞாயிறு என்றும் பார்க்காமல் ஆபீஸிலிருந்து அழைப்பு வந்தது. பேகம்பேட் போய்விட்டு ஒரு மணிக்குத் திரும்பினேன்.

மேடையில் டம்ளர்கள் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. தாளைக் காணவில்லை.

அக்கா கோங்குரா தொக்கு கொடுத்தனுப்பியிருந்தாராம். டப்பாவைத் திருப்பிக் கொடுக்க வீட்டில் வேறு ஒன்றும் இல்லையாம். மனைவி அடியில் அந்தத் தாளையே மடித்துப் போட்டு எட்டையும் வைத்துப் பத்து மணிக்கே மேலே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாள். கூடையில் இருந்ததைக் கொடுத்திருக்கக் கூடாதா என்றேன். "தனியா எடுத்து மூடி வெச்சிருந்தீங்கல்ல, அதுதான் நல்லதுன்னு நெனச்சேன். அண்ணன் நோயாளி, அவருக்கு நல்லதாத்தானே குடுக்கணும்?" என்றாள்.

கூடையில் இருந்தது எங்களுக்குக் குழம்பாகிக் கொதித்துக்கொண்டிருந்தது. ஏன் ஒரு மாதிரி இருக்கிறீர்கள் என்று கேட்டாள். வெயில் என்று சொல்லிவிட்டு மாடி ஏறினேன்.

படியேறும்போது சொல்லிவிடுவது என்றுதான் இருந்தேன். இதை நான் இன்றைக்கும் சத்தியமாகச் சொல்வேன், ஆனால் அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. அண்ணன் சாப்பிட்டு முடித்து நாற்காலியில் சாய்ந்திருந்தார். மாத்திரைக்காக அவர் பன்னிரண்டரைக்கே சாப்பிடுகிறவர். என்னைப் பார்த்ததும் கையை உயர்த்தி, இந்தத் தடவை இன்னும் ருசி என்றார். காமாலைக்கு அப்புறம் அவர் முகத்தில் அப்படி ஒரு தெளிவை நான் பார்த்ததில்லை. பாதியைச் சமைத்துவிட்டுப் பாதியை நாளைக்கென்று ஃபிரிட்ஜில் வைத்திருப்பதாக அக்கா சொன்னார். அந்தப் பாதியைத் திருப்பிக் கேட்டேன்.

"கைக்கு தம்பி, எதுக்கு?"

"பூச்சி இருக்கற மாதிரி இருக்குக்கா. வேற நல்லதாத் தரேன்."

அக்கா டப்பாவோடு எடுத்துக் கொடுத்தார். அதை வாங்கிக்கொண்டு இறங்கினேன். அடியில் இருந்த தாள் ஈரத்தில் கூழாகிப் போயிருந்தது, அதில் பார்க்க ஒன்றும் இல்லை. புதுத் தாள் எடுத்து நாலு குடையையும் கவிழ்த்து டம்ளர் மூடினேன். மணி ஒன்று இருபது. ஐந்து, ஐந்தரைக்குள் தெரிந்துவிடும், நல்லதாக இருந்தால் யாருக்கும் எதுவும் தெரியவே வேண்டாம் என்று கணக்குப் போட்டேன். கெட்டதாக இருந்தால் என்ன செய்வது என்ற பக்கம் மனசு போகவே மறுத்தது. காமாலை தின்ற ஈரல் அவருடையது. அந்தச் சொல் திரும்பத் திரும்ப வந்தது, ஈரல், ஈரல் என்று. அப்படியும் நான் மேடைக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தேன். கோழை என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

மூன்றரைக்கு மனைவி தூங்கி எழுந்து வந்தாள். டம்ளரைப் பார்த்தாள், அக்காவின் டப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். இதற்குமேல் எறும்புக் கதை எடுபடாது. எல்லாவற்றையும் சொன்னேன், பிடுங்கி எறிந்த சிறுசுகள் உட்பட.

"மேல சொல்லிட்டீங்களா?"

"தெரியட்டும், தெரிஞ்சதும் சொல்லலாம்னு..."

முடிக்க விடவில்லை. செருப்புக்கூடப் போடாமல் மாடிக்கு ஓடினாள். என் கையால்தான் கொடுத்தேன் அக்கா என்று அவள் அழுகிற சத்தம் கீழே வரைக்கும் கேட்டது. என் பெயரை அவள் இழுக்கவில்லை.

கால் மணி நேரத்தில் நாங்கள் நாலு பேரும் ஒரே ஆட்டோவில் இருந்தோம். அண்ணன்தான் எல்லோருக்கும் தைரியம் சொல்லிக்கொண்டு வந்தார். ஒண்ணும் ஆகாது, வயிறு கல் மாதிரி இருக்கு என்றார். எனக்கு அதுதான் பயமாக இருந்தது, முதல் நாள் கல் மாதிரிதான் இருக்கும். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். எதற்குத் தெரியுமா? மனைவி அழுதுகொண்டே வருகிறாளே என்று எனக்கு ஆறுதலாக. உங்க மேல என்ன தப்பு தம்பி, தெரியாம நடந்தது என்றார்.

ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டாக்டர் இருந்தார். எத்தனை மணிக்குச் சாப்பிட்டார் என்று கேட்டார். அக்கா தடுமாறினார், பன்னிரண்டா, ஒன்றா என்று. நான் முந்திரிக்கொட்டை மாதிரி நுழைந்தேன். பன்னிரண்டரை டாக்டர், நான் ஒரு மணிக்குப் போய்க் கேட்கும்போது சாப்பிட்டு அரை மணிதான் ஆகியிருந்தது என்றேன்.

டாக்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். நாலே கால். ஒரு மணிக்கே தெரியுமென்றால் ஏன் அப்போதே கூட்டி வரவில்லை, உடனே வந்திருந்தால் வயிற்றைச் சுத்தம் செய்திருக்கலாமே என்று கேட்டார். அவர் திட்டவில்லை, படிவத்தில் எழுதுவதற்காகக் கேட்ட மாதிரிதான் இருந்தது. அக்கா மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். என் கையிலிருந்து அவர் கை எப்போது எடுபட்டது என்று எனக்குத் தெரியவில்லை.

மிச்சக் காளானைக் கொண்டுவரச் சொல்லி டாக்டர் என்னை அனுப்பினார். வீட்டுக்கு வரும்போது ஐந்தரை தாண்டிவிட்டது. டம்ளரையும் குடையையும் தூக்கினேன். வெள்ளைத் தாளில் அச்சுக் குத்தின மாதிரி வட்டம், கருஊதா. நாலும் அதே நிறம். நம் காளான்தான். வெயிலில் வெளிறின சிவப்புக் காளான். அப்படியே தரையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். அப்புறம் அக்காவுக்குப் போன் செய்தேன். நல்லதுதான் அக்கா, விஷம் இல்லை, பயப்படாதீங்க என்றேன். சரி தம்பி என்றார். வேறு ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். வைத்துவிட்டார்.

தாளையும் காளானையும் பார்த்த பிறகும், ஈரல் விஷயம் என்பதால் மறுநாள் சாயங்காலம் வரை அண்ணனைப் படுக்கவைத்துப் பார்த்துத்தான் அனுப்பினார்கள். காலையில் மனைவி கஞ்சி வைத்து எங்கள் எவர்சில்வர் தூக்கில் ஊற்றி, அக்காவின் டப்பாவில் வெல்லம் போட்டு, இரண்டையும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள். அண்ணன் கஞ்சியைக் குடித்தாராம், சிரித்தாராம், அடுத்த அறுவடை எப்போது என்று கேட்டாராம். அக்கா பேசவில்லையாம்.

பாத்தியை அன்றைக்கே கொத்திக் கிளறி வெயிலில் போட்டேன். மனைவி ஜன்னல் வழியாகப் பார்த்தாள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அவள் இப்போது என்னோடு சண்டைகூடப் போடுவதில்லை. நான் வாங்கிவரும் காய்கறியை மட்டும் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் நறுக்குகிறாள்.

நாலாம் நாள் வாசலில் மணி அடித்தது. போய்த் திறந்தபோது யாரும் இல்லை, படியில் எங்கள் தூக்கு இருந்தது. புளி போட்டுத் தேய்த்துத் துணியால் துடைத்துப் பளபளவென்று இருந்தது. சமையலறைக்குக் கொண்டுபோய் மனைவியிடம் கொடுத்தேன். மூடியைத் திறந்து பார்த்தாள். பிறகு என் பக்கம் சாய்த்துக் காட்டினாள்.

உள்ளே ஒரு ஸ்பூன் சர்க்கரைகூட இல்லை.