"இன்னும் குளிக்கல"

மனைவி இறந்தபின் செம்பட்டிக்குப் பக்கத்து ஊரில் தனியாகத்தான் இருக்கிறேன். சென்ற தை மாதம் ஒரு காலை, பச்சை வேட்டியும் நெற்றி நிறைய விபூதியுமாக ஒருவன் வாசலில் வந்து நின்றான். பழனிக்கு நடந்து போய்த் திரும்புகிறேன் என்று சொல்லி, வாழையிலைத் துண்டில் பஞ்சாமிர்தம் நீட்டினான்.

முருகன் பிரசாதத்தை யார் மறுப்பார்கள்? ஆனால் குளிருக்குப் பயந்து நான் அன்று குளித்திருக்கவில்லை. குளிக்காமல் பிரசாதத்தை வாயில் வைப்பது எங்கள் வழக்கமில்லை.

"இன்னும் குளிக்கலப்பா. வச்சிட்டுப் போ, செத்த நேரத்துல தலைக்கு ஊத்திட்டுச் சாப்பிடுறேன்."

"பிரசாதத்துக்கு என்னங்கய்யா குளியல்? என் கண்ணு முன்னால வாயில போடுங்க."

அவன் பார்வை என் காதுக் கடுக்கனில் இருந்தது. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. பக்தன் மனம் நோகுமே என்றுதான் பயந்தேன். நான் அசையாததால் இலையை மடித்துக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போனான்.

அங்கே வெள்ளையம்மாள் தனியாக இருந்தாள். எந்தக் குளிரிலும் விடிந்ததும் குளித்துவிடுபவள். பால்காரர் பார்த்தபோது வாயில் நுரையோடு கிடந்தாள். தலை ஈரம்கூடக் காயவில்லை. தண்டட்டிக்காகக் காதையே அறுத்திருந்தான். சுற்று ஊர்களில் தனியாயிருந்த வயசாளிகள் சிலரையும் இப்படித்தான் பஞ்சாமிர்தத்தில் விஷம் கலந்து கொடுத்துக் கொன்றானாம். பிடிபட்டபின் போலீசார் சொன்னார்கள்.

இப்போது யார் பிரசாதம் கொடுத்தாலும் கண்ணில் ஒற்றிக்கொள்வதோடு சரி. குளித்து முழுகி நிற்கும்போதும், "இன்னும் குளிக்கல" என்றே சொல்கிறேன். சொல்லும்போதெல்லாம் வெள்ளையம்மாளின் ஈரத்தலை கண்முன் வந்துவிடுகிறது.