பேர மரமும் பேரி மரமும்

பங்களாத் தோட்டத்துப் பேரி மரம் வெட்டுப்பட்டது என்னால். பழியை இன்னொருவர் தலையில் போட்டேன்.

இலங்கையில் ஓப்பநாயக்கவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் பெரிய கிளாக்கராக இருந்தேன். அந்த மரத்தை வெள்ளைக்காரத் துரை ஒருவர் சீமையிலிருந்து கொண்டுவந்தார் என்பது தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் கதை. ஒருமுறை வந்த விவசாய அதிகாரி காயை நறுக்கிப் பார்த்து, இது சீன தேசத்து இனம், சீமைப் பேரி இந்தச் சூட்டில் பூக்காது என்றார். தவிட்டு நிறத் தோல், சொரசொரப்பு. கடித்தால் மணல்போல் நெறிபடும். எத்தனை நாள் வைத்தாலும் மெத்தென்று ஆகாது. சீனியும் கறுவாப்பட்டையும் போட்டு அவித்தால் மட்டும் நல்ல வாசம் வரும்.

தோட்டங்கள் கம்பெனிகளுக்குக் கைமாறிய மறுவருடம் புதிய துரை போனில் பேசினார். “ஏ பேர கஹ கபன்ன கியன்ன.” அந்தப் பேர மரத்தை வெட்டச் சொல் என்கிறார். சிங்களத்தில் பேர என்றால் கொய்யா. எனக்குத் தெரியாததல்ல. சம்பள நாள் அவசரத்தில் காதில் பேரி என்றே விழுந்தது. பங்களாத் தோட்டக்காரரைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

“பேரியவா? நல்லாக் கேட்டீங்களா ஐயா? காய் நிக்குதுங்க.”

“தொரைக்குப் பதில் சொல்றது நானா, நீயா? போய் வெட்டு.”

மாலையில் துரை வந்து பார்த்தபோது கொய்யா நின்றது, பேரி கிடந்தது. யார் சொன்னது என்று கேட்டார்.

“இவனுக்குச் சிங்களம் வெளங்கல சேர்” என்றேன்.

பக்கத்தில் நின்ற தோட்டக்காரர் என்னைவிட நன்றாகச் சிங்களம் பேசுகிறவர். பங்களா வேலை போய், மறுநாளிலிருந்து மலையில் தண்ணீர் வடியக் கான் வெட்டப் போனார். லயத்தில் அவரை ‘பேர மாமா’ என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

சில வருடங்கள் கழித்து, ஓய்வு பெறும் முன் துரையிடம் உண்மையைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, தோட்டக்காரரைப் பங்களா வேலைக்குத் திரும்ப எடுக்கச் சொன்னார். அந்தச் செய்தியோடு கான் வெட்டும் இடத்துக்கே போனேன்.

“எங்கிட்ட சொல்லி என்னாங்க ஐயா? பெரட்டுல சொல்லுங்க. கேலி பண்றவுங்க அங்கதான் நிக்கிறாங்க.”

மறுநாள் காலைப் பெரட்டில் ஆட்கள் வேலைக்குப் பேர் கொடுக்கும்போது, எல்லார் முன்னாலும் சொன்னேன். யாரோ ஒரு பெண், “அப்ப கிளாக்கரய்யாவுக்குத்தான் சிங்களம் வராதா?” என்றாள். கூட்டம் சிரித்தது. தோட்டக்காரரும் சிரித்தார்.

பிறகு மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கான் ஆட்களோடு மலைக்கு ஏறிப் போனார். பங்களா வேலைக்கு அவர் வரவேயில்லை.