அத்திம்பேர் எண்ணெய் மாற்றிய ஆவணி அவிட்டம்

என் அக்கா ஜானுவின் கணவர் ரகுபதி, அதாவது என் அத்திம்பேர், கோபாலபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் முப்பத்து நான்கு வருஷம் பூகோளம் நடத்தியவர். கண்ணை மூடிக்கொண்டு கரும்பலகையில் இந்தியா போடுவார். கட்ச் வளைகுடாவின் நெளிவுகூடத் தப்பாது. அப்பேர்ப்பட்ட மனிதர் தெற்கே செங்கல்பட்டைத் தாண்டியதில்லை. மேற்கு மாம்பலத்தில் இருக்கும் என் வீட்டுக்கே வருஷத்துக்கு ஒரு தடவைதான் வருவார். வந்த சுருக்கில் மணியைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்.

சோம்பல் என்று நினைக்காதீர்கள். தன் வீட்டுத் தலையணையும் தன் வீட்டுக் குளியலறையும் இல்லாத இடத்தில் அவரால் ஒரு ராத்திரி தங்க முடியாது. ஓட்டல் என்றாலே முகம் கோணும். கல்யாணமான புதிதில் அக்கா கன்னியாகுமரிக்குப் போகலாம் என்றாள். "போலாம், போலாம்" என்றார். அந்தப் போலாமுக்கு வயது முப்பத்தொன்று.

1994 மே மாதம் ஓய்வு பெற்றார். ஜூன் மாதம், மயிலாப்பூரில் சித்திரைக்குளத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அவர்கள் சந்தில் ஒரு பழைய டீசல் வேன் வந்து நின்றது. கல்யாணச் சமையல்காரர் ஒருவர் பத்து வருஷம் அண்டா குண்டான் ஏற்றிக்கொண்டு ஓட்டிய வண்டி. வெயில் ஏறினால் உள்ளே பெருங்காய வாசனை வரும்.

"வீட்டை விட்டு வர மாட்டேன்னுதானே சொன்னேன்? இப்போ வீடே கூட வரப்போறது!" என்றார் அத்திம்பேர், ஏதோ கண்டுபிடித்துவிட்டவர் மாதிரி.

இரண்டு மாதம் இழைத்தார், அறைந்தார், பூசினார். உள்ளே இரண்டு படுக்கைப் பலகை, ஒற்றை அடுப்பு, சுவாமி அலமாரி, மூலையில் திரை போட்டு ஒரு குளியலறை. வண்டியின் பின்கதவில் வெள்ளை பெயின்டால் இந்தியா வரைந்தார். இலங்கை வரவேண்டிய இடத்தில் ஸ்டெப்னி டயர் இருந்ததால் அதையே இலங்கையாக வைத்துக்கொள்ளும்படி எல்லாரிடமும் சொன்னார்.

இங்கே இன்னொன்றைச் சொல்லியாக வேண்டும். அத்திம்பேர் எந்த வேலைக்கும் ஆள் கூப்பிட மாட்டார். எல்லாம் தானே செய்வார். அவர் கை வைத்த மின்விசிறி ஒன்றில் வைத்தால் பறக்கும், ஐந்தில் வைத்தால் தூங்கும். அவர் ஒயரிங் பார்த்த பிறகு குளியலறை விளக்கைப் போட்டால் வாசல் மணி அடிக்கும். யாராவது குளிக்கப் போகும்போதெல்லாம் யாராவது கதவைத் திறக்க ஓடுவார்கள். அக்கா இத்தனையும் சகித்துக்கொண்டாள். ஆனால் வேன் விஷயத்தில் மட்டும் அவளுக்குத் துளி நம்பிக்கை இல்லை.

ஆகஸ்டில் ஒருநாள் அவளே எழும்பூருக்குப் போய்த் திருநெல்வேலி ரயிலுக்கு ஒரே ஒரு டிக்கெட் வாங்கி வந்துவிட்டாள். ஆவணி அவிட்டத்தன்று, ஞாயிற்றுக்கிழமை சாயங்கால வண்டி. அங்கிருந்து கன்னியாகுமரிக்கு பஸ்.

"நாலரைக்கு ராகு காலம் ஆரம்பிக்கிறது. அதுக்குள்ள உங்க வேன் வாசலை விட்டுக் கிளம்பினா நானும் அதுல வரேன். இல்லேன்னா அதே நேரத்துக்கு நான் பெட்டியை எடுத்துண்டு எழும்பூருக்குக் கிளம்பிடுவேன். முப்பத்தொரு வருஷமா நீங்க நடத்தின பாடத்தை நான் மட்டுமாவது போய்ப் பாத்துட்டு வரேன்."

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் அத்திம்பேர் சமாளித்திருப்பார். சாதாரணமாகச் சொன்னாள். அன்று அவர் காபியை ஆறவிட்டதை நான் பார்த்தேன்.

வண்டியோடு வந்த கையேட்டில், நெடும்பயணத்துக்கு முன் இன்ஜின் ஆயில் மாற்றவும் என்று ஒரு வரி இருந்தது. வெள்ளிக்கிழமை அது அவர் கண்ணில் பட்டது. அன்று வரலட்சுமி நோன்பு. அக்கா கலசம் வைத்துப் பூஜை செய்துகொண்டிருக்கும்போதே இவர் ஓடிப்போய் ஆயில் டின் வாங்கி வந்தார். சனிக்கிழமை எண்ணெய் வாங்கக் கூடாதாம். அது இன்ஜின் எண்ணெய்க்கும் பொருந்துமா என்று கேட்டேன். "எண்ணெய்னா எண்ணெய்தானேடா" என்றார். சனிக்கிழமை முழுவதும் வாசல் சுவரில் சாக்பீஸால் இன்ஜின் படம் வரைந்து பாகங்களைக் குறித்தார். நூற்றுக்கு நூறு போடலாம், அப்படி ஒரு படம்.

ஞாயிறு காலை ஏழரைக்கு நான் போனபோது அவர் பழைய வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வேனுக்கு அடியில் படுத்திருந்தார். கால் மட்டும் தெரிந்தது. இன்ஜினைப் பத்து நிமிஷம் ஓடவிட்டுச் சூடாக்கி, அடியில் இருக்கும் போல்ட்டை ஸ்பேனரால் கழற்றினார். வெட்டிய மண்ணெண்ணெய் டின்னில் கறுப்பாக எண்ணெய் கொட்டியது.

"ஜானூ! சமையலறைப் புனலைக் கொண்டா. புது எண்ணெய் ஊத்தறதுக்கு வேணும்."

"புனல்ல கை வெச்சேளோ பாருங்கோ! நல்லெண்ணெய் ஊத்தற புனல் அது" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

சரி, அது அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். போல்ட்டோடு ஒரு செப்பு வளையமும் வந்தது. வாஷர். நாலணா அகலம்கூட இருக்காது. அது இல்லாமல் போல்ட்டை முடுக்கினால் எண்ணெய் கசியும் என்று எனக்குப் பாடம் எடுத்தார். போல்ட்டைத் துணியில் சுற்றி வைத்தார். வாஷரை எங்கே வைத்தார் என்று நான் கவனிக்கவில்லை. கவனித்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

"நன்னா வடியட்டும். நாம போய்ப் பூணூல் மாத்திண்டு வந்துடலாம்."

தலையில் நாலு சொம்பு ஊற்றிக்கொண்டு கிளம்பினார். குளத்தங்கரைப் பக்கத்து மண்டபத்தில் நாற்பது பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். வாத்தியார் ஒலிபெருக்கியில் மந்திரம் சொல்ல, புதுப் பூணூல் போட்டுக்கொண்டு பழையதைக் கழற்றிப் போட்டோம். வீட்டுக்கு வந்து வடை, பாயசம், அப்பம். அத்திம்பேர் அப்பத்தில் ஒரு கை பார்த்தார். சாப்பாட்டுக்கு மேல் கொஞ்சம் கண்ணசந்துவிட்டு, இரண்டரை மணிக்குத்தான் வேனடிக்குத் திரும்பினார்.

இரண்டே முக்காலுக்கு அடியிலிருந்து ஒரு குரல்.

"வாஷரைப் பாத்தியோ?"

துணியை உதறினோம். டின்னுக்குள் கையை விட்டுத் துழாவினேன், முழங்கை வரை கறுத்தது. அக்கா வாசலுக்கு வந்தாள். அவளுடைய பெட்டி ஏற்கெனவே கட்டித் தயாராக நடையில் இருந்தது.

"பத்திரமாத்தான் வெச்சேன், ஜானு. ரொம்பப் பத்திரமான இடம்."

"பத்திரமான இடமா? அலமாரிச் சாவியைத் தினம் எங்க மாட்டிப்பேள்?"

அத்திம்பேரின் கை தானாக மார்புக்குப் போனது. அங்கே புத்தம் புதுப் பூணூல், பளிச்சென்று, ஒன்றுமே இல்லாமல். வாஷரைப் பழைய பூணூலில் கோத்துக்கொண்டு அதோடு போய் உட்கார்ந்து, அதோடு கழற்றிப் போட்டுவிட்டு வந்திருக்கிறார்! எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. சிரித்தேன். அக்கா முறைத்தாள்.

மண்டபத்துக்கு ஓடினோம். பழைய பூணூல்களை எல்லாம் கூடையில் அள்ளிக் குளத்தில் சேர்த்துவிட்டதாகச் சொன்னார்கள். அந்த வருஷம் குளத்தில் தண்ணீர் இல்லை, கிரிக்கெட்தான் இருந்தது. நடுவில் மட்டும் எருமை படுக்கிற அளவுக்கு ஒரு சேறு. அதன் ஓரத்தில் நாற்பது பேர் பூணூலும் ஒரே சிக்காகக் கிடந்தது. ஆளுக்கொரு குச்சி எடுத்துக்கொண்டு குந்தினோம். அவர் வலது பாதி, நான் இடது பாதி.

என்னவெல்லாம் கிடைத்தது என்கிறீர்கள்! பதினோரு ஊக்கு, மூன்று சாவி, ஒரு காது குடையும் குச்சி. கடைசியில் ஒரு வாஷரும் கிடைத்தது. அத்திம்பேர் துள்ளிக் குதித்தார். சேற்றைத் துடைத்துப் பார்த்தால் அது ரப்பர். தண்ணீர்க் குழாய் வாஷர். மயிலாப்பூரில் எல்லாம் தானே செய்துகொள்கிறவர் அத்திம்பேர் ஒருவர் மட்டும் இல்லை என்று தெரிந்துகொண்டேன்.

மணி மூன்றே முக்கால். அவர் குச்சியைப் போட்டுவிட்டுச் சேற்றோரத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அவ போகட்டும்டா. அவளாவது பாக்கட்டும்" என்றார். அந்த மனிதர்மேல் எனக்கு எத்தனையோ எரிச்சல் உண்டு. ஆனால் அந்த நிமிஷம் மனசு தாங்கவில்லை. அவரை எழுப்பி வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மந்தைவெளியில் ஷெட் வைத்திருக்கும் மெக்கானிக் கருணாகரனைத் தேடி ஓடினேன். ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தில் இருந்தவரை எழுப்பி அவருடைய ஸ்கூட்டரிலேயே கூட்டி வந்தேன்.

கருணாகரனைப் பார்த்ததும் அத்திம்பேர் வண்டிக்குக் குறுக்கே நின்றார்.

"மெக்கானிக் கை படப்படாது. ஆரம்பிச்சது நான், முடிக்கறதும் நான்."

"நா தொடவே மாட்டேன் சாமி" என்றார் கருணாகரன், நடைபாதையில் சம்மணம் போட்டுக்கொண்டு. "இங்கியே குந்திக்கினு வாயால சொல்றேன். இன்னா பிராப்ளம்?"

அக்கா அவருக்கு ஒரு டம்ளர் பாயசம் கொண்டுவந்து கொடுத்தாள். நான் விஷயத்தைச் சொன்னேன். பூணூல் என்ற இடத்தில் அவருக்குப் புரையேறியது.

"இன்னிக்கி எந்தக் கடை தொறந்து கீது? ஒண்ணு பண்ணு சாமி. போல்ட்டு கழுத்துல நல்லா திக்கா நூல் சுத்தி டைட்டு குடு. நிக்கும். போற வழில நாளைக்கி வாஷர் வாங்கிப் போட்டுக்கோ. ஆனா தையல் நூல் வாணாம், அறுந்துரும். நல்ல முறுக்குன நூலா வோணும்."

மணி நாலு பத்து. வீட்டில் பூக்கட்டுகிற நார் இருந்தது, தையல் நூல் இருந்தது, முறுக்கிய நூல் இல்லை. அத்திம்பேரின் கை மறுபடியும் மார்புக்குப் போவதைப் பார்த்தேன். போட்டு ஆறு மணி நேரம்கூட ஆகாத பூணூல்!

"ஏன்னா, அதுல கை வெச்சேள்னா கொன்னுடுவேன்" என்றாள் அக்கா.

சொல்லிவிட்டுத் தன் வலது கையைப் பார்த்தாள். வெள்ளிக்கிழமை நோன்புக்குக் கட்டிக்கொண்ட மஞ்சள் சரடு மணிக்கட்டில் இருந்தது. ஒன்பது இழை, நல்ல முறுக்கு. பல்லால் முடிச்சை அவிழ்த்து நீட்டினாள்.

"ஜானு, இது நோன்புச் சரடு..."

"உங்க ஆயுசுக்குத்தானே கட்டிண்டேன்? இன்னிக்கு இந்த வண்டி கிளம்பலேன்னா உங்க ஆயுசுக்கு நான் ஜவாப்தாரி இல்லை. சுத்துங்கோ!"

அத்திம்பேர் சரடை வாங்கிக்கொண்டு வண்டிக்கு அடியில் நுழைந்தார். கருணாகரன் நடைபாதையில் தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டே வாயால் வேலை செய்தார். "மரை திரும்புற பக்கமே சுத்து சாமி. ஆங். இன்னும் ரெண்டு சுத்து. இப்ப ஸ்பேனர் போடு. மெதுவா, மெதுவா... அவ்ளோதான், உட்ரு!"

ஊற்றிப் பார்த்தால்தானே தெரியும்? மணி நாலு பதினெட்டு. டின்னைத் திறந்தார். மேலே ஊற்றும் வாய் சின்னது, அதுவும் உள்ளடங்கி இருந்தது. சும்மா சாய்த்தால் பாதி வெளியே போகும்.

"புனல்..." என்றார், அடிபட்ட பிள்ளை மாதிரி.

அக்கா உள்ளே போனாள். ஆபத்துக்குப் பாவமில்லை என்று புனலைத்தான் எடுத்து வரப்போகிறாள் என்று நினைத்தேன். நடையில் இருந்த பெட்டியைத் திறந்து, பர்ஸிலிருந்து எதையோ எடுத்து, கூம்பாகச் சுருட்டிக்கொண்டே வந்தாள். இன்ஜின் வாயில் செருகிப் பிடித்தாள்.

"ஊத்துங்கோ. மணி ஆறது."

ஆறு லிட்டரும் இறங்கும்வரை அவள் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். விரலெல்லாம் எண்ணெய் வழிந்தது. நான் குனிந்து அடியில் பார்த்தேன். மஞ்சள் நூல் எண்ணெய் குடித்து ஊறியிருந்தது. ஒரு சொட்டு விழவில்லை.

வண்டி இருமி, புகை கக்கி, கிளம்பியது. அக்கா பெட்டியோடு முன் ஸீட்டில் ஏறி உட்கார்ந்தாள். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தது நான். நாலு இருபத்தாறுக்கு நாலும் நசுங்கின. அத்திம்பேர் பெருமை பொங்க ஹாரன் அடித்தார். நல்ல வேளை, ஹாரனில் அவர் கை வைத்திருக்கவில்லை, அதனால் அடித்தது.

"ஸ்ரீநாத், இதைக் குப்பையில போட்டுடு!" என்று அக்கா ஜன்னல் வழியாக அந்தச் சுருளை என் கையில் திணித்தாள். ஸ்டெப்னி இலங்கையோடு இந்தியா ஆடிக்கொண்டே சந்து முனையில் திரும்பி மறைந்தது.

பிரித்துப் பார்த்தேன். எழும்பூர் முதல் திருநெல்வேலி வரை. மற்றதெல்லாம் எண்ணெயில் ஊறி எழுத்தே தெரியவில்லை. திருப்பிக் கொடுத்துப் பணம் கேட்கக்கூட முடியாது. கை கழுவச் சமையலறைக்குப் போனேன். நல்லெண்ணெய்ப் புனல் பளபளவென்று துலக்கி, ஆணியில் சும்மாதான் தொங்கிக்கொண்டிருந்தது.