பாவாடை சான்

வடலூர் பஸ் ஸ்டாண்டு சுவரில் அப்போது ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். 'மூன்றே மாதத்தில் ஜப்பான் மொழி, கையோடு ஜப்பானில் வேலை.' ஒட்டியவன் பிறகு ஊரிலேயே இல்லை. சென்னையில் விசாரித்தால் ஒருவர் இரண்டு வருஷம் என்றார், இன்னொருவர் ஆயுசு பூரா என்றார். பாவாடையின் மகள் கனகத்துக்கு எவ்வளவு நாள் ஆனது, எதற்காக அவள் அந்தப் பாடு பட்டாள் என்பது முழுசாகத் தெரிந்த ஆள் நான் ஒருவன்தான். என் பெயர் லியோ, ஆபீஸில் கணக்கு எழுதினேன். அவள் மேஜைக்கு எதிர் மேஜை என்னுடையது.

எங்கள் முதலாளி சிங்காரவேல். நெய்வேலி சுரங்கத்தில் நிலக்கரி கொண்டுபோகும் கன்வேயர் பெல்ட் கிழிந்தால் ஒட்டுப் போட்டுத் தரும் கான்ட்ராக்ட் அவனுக்கு. 'அவன்' என்று எழுதுகிறேனே என்று யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். வருஷக்கணக்காக 'சார்' போட்டுப் போட்டு வாய் புளித்துவிட்டது. இப்போது நான் அவனிடம் வேலையில் இல்லை.

பாவாடை அவனுடைய ஜீப் டிரைவர். அவனைவிட ரொம்ப மூத்தவர். சேத்தியாத்தோப்புப் பக்கம் பாவாடைராயன் சாமிக்கு வேண்டிக்கொண்டு பிறந்த ஆண்பிள்ளைக்கு அந்தப் பெயரை வைப்பார்கள். எங்களுக்கு அது சாமி பெயர். வெளியூர்க்காரர்களுக்குப் பெண்கள் கட்டும் துணி. சிங்காரவேலும் இந்தப் பக்கத்துக்காரன்தான், அவனுக்குத் தெரியாததில்லை. ஆனாலும் சென்னையிலிருந்து யாராவது வந்து உட்கார்ந்தால் போதும், "டேய் பாவாடை!" என்று வாசல் வரை கேட்கிற மாதிரி கத்துவான். நரைத்த மீசையோடு ஒரு மனிதர் ஓடி வருவார். வந்தவர்கள் சிரிப்பார்கள். விருந்தாளிக்கு டீ கொடுப்பதுபோல அவனுக்கு அது ஒரு உபசாரம்.

கனகம் பி.எஸ்ஸி. முடித்தது தொண்ணூற்றேழில். வேலை கேட்பதற்காகப் பாவாடை அவளை மந்தாரக்குப்பத்து ஆபீஸுக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். அன்றைக்கென்று பார்த்து உள்ளே இரண்டு பேர் சென்னை ஆட்கள்.

"உன் பொண்ணாடா?"

"ஆமாங்க சார். பி.எஸ்ஸி. முடிச்சிருக்குதுங்க. எதனா வேல போட்டுக் குடுத்தீங்கன்னா..."

"குடுக்கலாம், குடுக்கலாம். ஏன்டா பாவாடை, பொண்ணுக்குத் தாவணின்னு பேரு வெக்கலியா நீ?"

சென்னை ஆட்கள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். பாவாடையும் சிரித்தார். கையைக் கட்டிக்கொண்டு, அது ஏதோ பாராட்டு மாதிரி வாய் நிறையச் சிரித்தார். கனகம் சிங்காரவேலைப் பார்க்கவில்லை, அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

டைப் அடிக்கவும் பேக்ஸ் அனுப்பவும் அவளை வேலைக்குப் போட்டார்கள். வந்த புதிதில் ஒருநாள் என்னிடம் சொன்னாள்: "அந்தாளு சொன்னது கூட போவுதுண்ணா. அப்பா சிரிச்சிச்சே, அதுதான் என்னைத் தூங்க வுடமாட்டுது."

"அப்ப எதுக்கு இங்க குந்திகினு இருக்க? வேற வேல பாரேன்," என்றேன்.

"நான் போயிட்டா அந்தாளுக்கு என்னா நஷ்டம்? இங்கயே இருந்துகினுதான் திருப்பிக் குடுக்கணும். எப்பிடின்னுதான் தெரியல."

எப்படி என்பது அடுத்த வருஷம் தெரிந்தது. பெல்ட் ஒட்டும் மிஷின் செய்கிற ஒரு ஜப்பான் கம்பெனிக்கு இந்தப் பக்கம் ஏஜென்ட் ஆகிவிட வேண்டும் என்று சிங்காரவேலுக்குத் தீராத ஆசை. அந்தக் கம்பெனிக்காரர்கள் நேரில் பார்க்க வந்தார்கள். மொழிபெயர்க்கச் சென்னையிலிருந்து பத்மாசினி என்ற அம்மாவை வரவழைத்தான். மத்தியானம் அந்த அம்மா எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார். பேச்சுவாக்கில் சொன்னார்:

"நான் உங்க முதலாளியை 'சிங்காரவேல் சான்'னு சொன்னேன், கவனிச்சீங்களா? சான்னா நம்ம சார் மாதிரி. நான் வெளி ஆளு, அதனால போட்டேன். உங்க ஆபீஸ் ஆளு யாராவது அவங்ககிட்ட பேசினா அதைப் போடக் கூடாது. மொட்டையா 'சிங்காரவேல்'னுதான் சொல்லணும். நம்ம ஆளை நாமே வெளியில உசத்திப் பேசினா அவங்களுக்கு அது மரியாதைக் குறைவு. நம்ம ஊர்க்காரங்களுக்கு இது மட்டும் வரவே வராது. எவ்வளவு படிச்சாலும் வாய் தானா சான் போட்டுடும்."

கனகம் சோற்றிலிருந்து கையை எடுத்தாள். "மொட்டையாவா? முதலாளி எதிர்லயேவா?"

"எதிர்லயேதான். வர்றார், சொல்றார்னு கூட வராது. அதையும் தாழ்த்தித்தான் சொல்லணும்."

"இந்த பாஷையக் கத்துக்க எவ்ளோ நாளாவும் மேடம்?"

"வேலைக்கு ஆகிற மாதிரின்னா நாலஞ்சு வருஷம். பாதியில விட்டுட்டுப் போறவங்கதான் ஜாஸ்தி."

"நான் வுடமாட்டேன்," என்றாள் கனகம். எனக்குப் புரிந்துவிட்டது. பத்மாசினி அம்மாவுக்குப் புரியவில்லை, நல்ல பொண்ணு என்று அவள் தலையில் கை வைத்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை என்பதே அவளுக்கு இல்லாமல் போனது. விடிவதற்குள் பஸ் ஏறிச் சென்னை போய், பத்மாசினி அம்மாவின் வகுப்பில் உட்கார்ந்துவிட்டு ராத்திரி திரும்புவாள். ஆரம்பத்தில் துள்ளிக் குதித்தாள். "நம்ம பாஷை மாதிரியே போவுதுண்ணா. வினைச்சொல்லு கடைசியில. வூட்டுக்கு, வூட்டுலன்னு நாம ஒட்டுறாப்பல அவங்களும் பின்னாடிதான் ஒட்டுறாங்க." பேச்சு சீக்கிரம் வந்தது. எழுத்துதான் அவளை வாட்டி வதைத்தது. ஒரே எழுத்துக்கு மூன்று உச்சரிப்பு, நாலு அர்த்தம். பேக்ஸ் தாளின் பின்பக்கமெல்லாம் எழுதிப் பார்ப்பாள். பார்க்கிறவர்கள் கோலம் பழகுகிறாளா என்று கேட்டார்கள். அவள் அம்மா தனம், "ஜப்பான்காரனையா கட்டிக்கப் போற?" என்று சண்டை போட்டார்.

சிங்காரவேலுக்கு விஷயம் தெரிந்தபோது வாயெல்லாம் பல். "படி, படி. மெட்ராஸ் அம்மாவுக்கு அழுவற காசு நமக்கு மிச்சம்," என்று பரீட்சைக்கு லீவும் கொடுத்தான். தன் தலையில் தானே மண் அள்ளிப் போட்டுக்கொள்கிறான் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி.

முதல் பெரிய பரீட்சையில் தேறவில்லை. போதும் என்று விட்டுவிடுவாள் போலத்தான் இருந்தது. அந்த வாரம் ஒருநாள் பாவாடை மழையில் நனைந்துபோய் வந்து நின்றார். உள்ளே யாரோ அதிகாரிகள். "பாவாடையக் கொண்டுபோய்க் கொடியில காயப் போடுங்கடா," என்றான் சிங்காரவேல். கதவுக்கு வெளியே கனகத்துக்கு அது கேட்டது. அப்பாவின் சிரிப்பும் சேர்ந்து கேட்டது. மூடி வைத்திருந்த புத்தகத்தை எடுத்து மறுபடி பிரித்தாள். ஆத்திரத்தைப் போல நல்ல வாத்தியார் கிடையாது, நான் கண்ணால் பார்த்தேன்.

ஜப்பான்காரர்கள் மறுபடி வந்தது இரண்டாயிரத்து மூன்றில். பெரியவர் பெயர் கிதாமுரா, கூட இரண்டு பேர். நெய்வேலி டவுன்ஷிப் கெஸ்ட் ஹவுஸில் கூட்டம். சுரங்க அதிகாரிகள் சிலரை, தன் செல்வாக்கைக் காட்டுவதற்காகவே, சிங்காரவேல் அழைத்திருந்தான். நாங்கள் ஆபீஸ் ஆட்கள் பின்வரிசையில், பாவாடையும் மற்ற டிரைவர்களும் கதவோரத்தில். இந்தத் தடவை மொழிபெயர்க்கக் கனகம்தான், மயில்கழுத்து நிறப் புடவையில் நடுவில் நின்றாள். சிங்காரவேல் வேண்டுமென்றே தாமதமாக வந்தான், அதுதான் கௌரவம் என்று நினைப்பு. அவன் வாசலில் கால் வைக்கிற நேரம், கனகம் கிதாமுராவைப் பார்த்துத் தெளிவாகச் சொன்னாள்:

"சிங்காரவேல் வா மாயிரிமாஸ்."

ஜப்பான் பாஷை எங்களில் யாருக்குத் தெரியும்? எல்லோர் காதிலும் விழுந்தது பெயர் மட்டும்தான். 'சிங்காரவேல் வா.' டிரைவர் சம்பளம் வாங்குகிறவர் மகள், முதலாளியைப் பெயர் சொல்லி 'வா' என்று கூப்பிட்டுவிட்டாள். 'வா' என்பது அங்கே வெறும் ஒரு இடைச்சொல், 'மாயிரிமாஸ்' என்றால் 'வருகிறார்' என்பதைத் தாழ்த்திச் சொல்வது என்று அவள் எனக்குப் பிறகு சொன்னாள். "ஆனா கேக்க நல்லாத்தான இருந்திச்சி?" என்றும் சொன்னாள்.

அதோடு நிற்கவில்லை. சாயங்காலம் வரை சிங்காரவேல் இப்படிச் சொல்கிறான், சிங்காரவேல் அப்படி நினைக்கிறான் என்று மொட்டை மொட்டையாகப் பொழிந்து தள்ளினாள். ஒவ்வொரு தடவையும் அதிகாரிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சிங்காரவேலின் காது சிவந்தது. ஆனால் கிதாமுரா ஒவ்வொன்றுக்கும் மனசு நிறைந்து தலையாட்டிக்கொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு இவனால் என்ன செய்ய முடியும்? பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சபையில் சிரிக்கிறது என்றால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் அவனுக்குத் தெரிந்திருக்கும். எனக்கு வயிறு குளிர்ந்தது.

கூட்டம் முடிந்ததும் கதவோரத்திலிருந்து பாவாடை ஓடி வந்தார். "யம்மா, ஏம்மா இப்பிடிப் பண்ண? சார்னு ஒரு வார்த்த சேத்துச் சொன்னா என்னா? சார், சின்னப் புள்ள, தெரியாம பேசிடுச்சி, மன்னிச்சிக்குங்க சார்." சொல்லிக்கொண்டே குனியப் போனார். கனகம் அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள். அந்த நிமிஷம் அவள் முகத்தில் இருந்த சந்தோஷமெல்லாம் வடிந்துவிட்டது. இவ்வளவு வருஷம் படித்தது இதற்கா என்று அவள் நினைத்தது எனக்கும் தெரிந்தது.

சிங்காரவேல் ஆபீஸுக்கு வந்ததும் வராததுமாகப் பத்மாசினி அம்மாவுக்குப் போன் போட்டான். "அந்தப் பொண்ணு என் பேர மொட்டையா சொல்லுதே மேடம், அது முறையா?" மறுமுனையில் அந்த அம்மா சிரித்தது எனக்கே கேட்டது. "அதுதான் சார் சரி. அப்படிச் சொல்ற ஆளு கிடைக்கிறதே கஷ்டம். விட்டுடாதீங்க." கிதாமுராவும் போகும்போது, இனி எல்லாப் பேச்சுக்கும் அந்தப் பெண்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். வேலையை விட்டு அனுப்பவும் முடியாது, வைத்துக்கொள்ளவும் பொறுக்காது.

மறுநாள் அவளைக் கூப்பிட்டான். "இனிமே அவங்ககிட்ட நானே பேசிக்கிறேன். எனக்குக் கத்துக் குடு. எவ்ளோ நாளாவும்?"

கனகம் கண் இமைக்கவில்லை. "உங்க மூளைக்கு மூணு மாசம் போதும் சார்."

எனக்குச் சிரிப்பை அடக்கப் பெரும்பாடாகிவிட்டது.

காலையில் ஆபீஸ் திறந்ததும் வகுப்பு. முதல் நாளே சொல்லிவிட்டாள்: டீச்சரைச் 'சென்செய்' என்றுதான் கூப்பிட வேண்டும். அவள் அவனைச் 'சிங்காரவேல் குன்' என்றாள். படிக்கிற பையன்களை அப்படித்தான் கூப்பிடுவார்களாம். "மொதல்ல வணக்கம் சொல்லக் கத்துக்கணும். அதுல தப்பு வந்தா கிதாமுரா உங்களை மதிக்கமாட்டாரு. பழக ஒரு ஆள் வேணும். சென்செய்ய வெச்சிப் பழகக் கூடாது. வயசுல பெரியவங்களா இருக்கணும்." சுற்றிலும் பார்த்துவிட்டு வாசலைக் காட்டினாள். "எங்கப்பா ஜீப்பத் தொடச்சிகினு சும்மாதான் இருக்காரு."

பாவாடையைக் கூட்டி வந்து மேஜைக்கு முன்னால் நிறுத்தினாள். சிங்காரவேல் அவளை முறைத்தான். அவள் காத்திருந்தாள். ஏஜென்சி ஆசை பொல்லாதது. அவன் இடுப்பை வளைத்து, "பாவாடை சான், ஒஹாயோ கொஸாய்மாஸ்," என்றான்.

பாவாடை பதறிப் பின்னால் போனார். "ஐயோ, வேணாங்க சார்!"

"நவுராதீங்கப்பா, பாடம் நடக்குது," என்றாள் கனகம். வீட்டில் அப்பாவை 'நீ' என்பவள், அங்கே 'நீங்க' என்றாள்.

தினமும் அது நடந்தது. குரல் கரடுமுரடாக இருக்கிறது, சான் காதில் விழவில்லை, கண் மேலே பார்க்கிறது என்று ஏதாவது ஒரு குறை. மறுபடி முதலிலிருந்து. மூன்று மாதம் போய் மழைக்காலம் வந்தது, பொங்கலும் போனது. வணக்கத்தைத் தாண்டிப் பாடம் நகரவில்லை. பாவாடை முதலில் கையைக் கட்டிக்கொண்டே நின்றார். பிறகு கையைக் கட்டுவது நின்றது. பிறகு சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, கூப்பிடுவதற்கு முன்பே வந்து நிற்க ஆரம்பித்தார்.

ஒருநாள் சிங்காரவேல் நன்றாகத்தான் குனிந்தான். குரலும் பணிந்து வந்தது. நிமிர்ந்து, "போதுமா சென்செய்? அடுத்த பாடத்துக்குப் போலாமா?" என்று கேட்டான்.

கனகம் அப்பா பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்கப்பா. இவருக்கு வந்துடுச்சா?"

பாவாடை முதலாளியை மேலும் கீழும் பார்த்தார். மீசையைத் தடவிக்கொண்டார். எதுவும் அவசரம் இல்லாதவர் மாதிரி யோசித்தார்.

"இன்னும் வரலம்மா," என்றார். "நாளைக்கும் பாப்போம்."