கத்தாத தவளையும் சிவபாலன் அண்ணையும்

வெள்ளிக்கிழமை மங்கரே சரக்குக் கிடங்கில் தேநீர் இடைவேளையில் இருந்தபோது, சிவபாலன் அண்ணை மாரடைப்பால் காலமான செய்தி வந்தது. அவரோடு பெட்டி தூக்கியவர்கள் நாம். 'தவளைக்காரர்' என்று கேலி செய்ததும் நாம்தான். அவர் அந்தத் தவளையைப் பார்த்தாரா என்று இன்னும் உங்களில் சிலர் கேட்கிறீர்கள். பார்த்தார். நான் சாட்சி.

முதலில் அவர் ஆசைப்பட்டது சாலமாண்டருக்கு. பல்லி உருவமும் தவளையின் ஈரத்தோலும் கொண்ட அந்தப் பிராணியை மகளின் படப் புத்தகத்தில் பார்த்திருந்தார். அது நாம் குடியேறிய இந்த நாட்டில் இல்லை, ஆனால் இங்கே மட்டுமே வாழும் சிறு தவளை வைட்டாகரே மலை ஓடைகளில் உண்டு என்று நூலகத்தில் சொன்னார்கள்.

"இத்தனை வருசமாக் கிடங்கையும் வீட்டையும் விட்டா என்னத்தைக் கண்டன் தம்பி? இந்த மண்ணிலை மட்டும் இருக்கிற ஒண்டை, அது இருக்கிற இடத்திலேயே பார்க்கோணும்" என்றார்.

கார் என்னுடையது. அறிவுரையும் என்னுடையது. எட்டாம் வகுப்போடு நின்ற எனக்குத் தவளையைப் பற்றித் தெரிந்தது, மழை பெய்தால் கத்தும் என்பதுதான். அதைப் பெரிய விஞ்ஞானி மாதிரி சொன்னேன். பாவம், நம்பிவிட்டார். இரண்டு குளிர்காலம் மழை நாளாகப் பார்த்துப் போய், ஓடைக்கரையில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம்.

"தவளை கிடைக்குதோ இல்லையோ, நிமோனியா கிடைச்சிடும்" என்றாள் என் மனைவி.

கடைசியில் அந்த வழியாக வந்த வனக் காவலர் எங்கள் கதையைக் கேட்டுச் சிரித்தார். இந்தத் தவளை கத்தாதாம். பகலில் ஓடையோரக் கல்லிடுக்கில் கிடக்குமாம். கல்லைப் புரட்டாமல், தொடாமல், குனிந்து பார்க்கச் சொன்னார்.

அண்ணை என்னைத் திரும்பிப் பார்த்தார். "விஞ்ஞானி, இனி வாயை மூடிக்கொண்டு கண்ணைத் திறவும்."

குனிய என் தொப்பை இடம் தரவில்லை. வழுக்கித் தண்ணீரில் உட்கார்ந்துவிட்டேன். எழப் பார்த்தேன்.

"அசையாதையும்" என்றார் மெதுவாக.

என் முழங்காலுக்குப் பக்கத்துக் கல்லிடுக்கில், கட்டைவிரல் அளவில், சேற்று நிறத்தில் அது இருந்தது. அண்ணை அப்படியே குப்புறப் படுத்தார். தாடை தண்ணீரில். அதுவும் அவரும் நேருக்கு நேர். நான் குளிரில் நடுங்கிக்கொண்டே அசையாமல் இருந்தேன். அது தானாக உள்ளே நகர்ந்த பிறகுதான் எழுந்தார், முகமெல்லாம் சேறும் சிரிப்புமாக.

மவுண்ட் ரோஸ்கில்லில் அண்ணை வீட்டு வாசலில் அவர் மகள், "டிட் யூ கேட்ச் இட், அப்பா?" என்றாள்.

"ஏன் மகள், பிடிக்கோணும்? அது தன்ரை வீட்டிலை இருக்கு. நான் போய்ப் பார்த்துட்டு வந்தனான்."

நான் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது அந்தக் குப்புறப் படுக்கைதான். எந்த ஓடையைக் கண்டாலும் படுத்துவிடுகிறேன். முதலில் வெட்கப்பட்டு நாலடி தள்ளி நின்ற என் பிள்ளைகளும் இப்போது பக்கத்தில் படுக்கிறார்கள்.