ஏழாவது ஆள்

செருப்புக் கடை வைத்திருக்கிறவன் நடக்கவே மாட்டான் என்றால் நம்புவீர்களா? அந்த ஆள் நான்தான். ஏற்காடு கடைவீதியில் எதிர்ச்சாரிக்கு டீ குடிக்கப் போவதற்கும் ஸ்கூட்டரை எடுப்பேன். அப்படிப்பட்டவன் போன ஐப்பசியில் ஒரு காலை, பெற்ற மகளையே வேவு பார்க்க நடந்து போய் மாட்டிக்கொண்ட கதை இது.

மகள் ஐந்தாம் வகுப்பு. தினமும் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுவேன். திடீரென்று ஒருநாள், பக்கத்து எஸ்டேட் பிள்ளைகள் ஐந்து பேரோடு காப்பித் தோட்டத்துக் குறுக்குப் பாதையில் நடந்துதான் போவேன் என்று பிடிவாதம். பனிமூட்டம், காட்டுமாடு என்று எவ்வளவோ பயமுறுத்திப் பார்த்தேன். மசியவில்லை. கடைசியில் ஒப்பந்தம் போட்டோம். ஒரு வாரம் நடப்பாள். நான் பின்னால் வரக் கூடாது. ஒன்றும் ஆகாவிட்டால் எப்போதும் நடை. ஏதாவது ஆனால் மறுபடி ஸ்கூட்டர்.

இரண்டு நாள் தாக்குப்பிடித்தேன். பயம் பாதிதான். ஸ்கூட்டரில் வாயே திறக்காதவள் இப்போது வீட்டுக்கு வந்தால் பேச்சை நிறுத்துவதில்லை. நடக்கிற அரைமணி நேரம் அப்படி என்னதான் செய்கிறார்கள் என்ற குறுகுறுப்பு மீதி. மூன்றாம் நாள் ஒளிந்து ஒளிந்து கிளம்பிவிட்டேன்.

அன்று பார்த்து நல்ல பனி. பிள்ளைகள் தெரியவில்லை, குரல்தான் கேட்டது. முன்னால் போனது எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டரின் மகள், எட்டாம் வகுப்பு. ஒவ்வொரு வளைவிலும் அவள் நின்று தன் பெயரைச் சொல்லிக் குரல் கொடுப்பாள். பின்னால் வருகிறவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் பெயரைச் சொல்வார்கள். ஆறு பெயரும் வந்தால்தான் வரிசை நகரும். நானும் மரத்துக்குப் பின்னால் விரல்விட்டு எண்ணிக்கொண்டே நகர்ந்தேன்.

நாலாவது வளைவிலும் ஆறு பெயர் வந்தது. ஆனால் வரிசை நகரவில்லை. பேச்சும் நின்றுபோனது. காட்டுமாடுதான் என்று அலறியடித்து ஓடினேன். காப்பிக் கன்று வைக்கத் தோண்டிய குழி ஒன்று எனக்காகவே காத்திருந்தது. வழுக்கவே வழுக்காது என்று நான் சத்தியம் செய்து விற்கிற அதே ரகச் செருப்பு வழுக்கியது. அம்மா என்று கத்தியிருக்கிறேன்.

பனிக்குள்ளிருந்து மகளின் குரல் வந்தது. "யாரும் பயப்படாதீங்க. எங்கப்பாதான்."

ஆறு பேரும் நின்ற பிறகும் பின்னால் ஒரு காலடி கேட்டதாம். காட்டுமாடாக இருந்தால் அசையக் கூடாது என்பது அவர்கள் வழக்கமாம். ஆக, நான் பயந்த மாடு நானேதான்.

குடையை நீட்டி இழுத்துப் போட்டார்கள். "ஏனுங்க மாமா, அடி ஏதாச்சும் பட்டுருச்சுங்களா?" என்று ரைட்டர் மகள் சிரிக்காமல் கேட்டாள். மற்றவர்களுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. பனியில் சின்னவர்கள் நடுவில்தான் நடக்க வேண்டுமாம். என்னையும் அங்கே நிறுத்தினார்கள். ரெண்டாம் வகுப்புப் பொடிசு ஒன்று என் விரலைப் பிடித்துக்கொண்டு, "இங்க நொம்ப வழுக்குமுங்க, பாத்து வாங்க" என்றது. அடுத்த வளைவில் நானும் பெயர் சொன்னேன்.

மகள் மட்டும் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். இதையே சாக்காக வைத்து மறுபடி ஸ்கூட்டர் என்று சொல்லிவிடுவேனோ என்ற கவலை முகத்தில் தெரிந்தது. சாயங்காலம் அவளிடம், இனிமேல் நீ தினமும் நடந்தே போகலாம் என்று சொல்லிவிட்டேன். இதே மலையில் பிறந்தும் அந்தப் பாதை எனக்குத் தெரியாது. தெரிந்தவர்களுக்கு நான் காவல் போயிருக்கிறேன். நினைத்தால் இன்றைக்கும் உறைக்கிறது.

"நாளைக்கு நானும் வரட்டுமா கண்ணு?" என்றேன்.

ஷூவைத் துடைத்துக்கொண்டிருந்தவள் நிமிரவே இல்லை.

"வந்தா, நடுவுலயே வாங்கப்பா."