பேரிங் போன பாட்டு

128. ஒரு நிமிடத்தில் இத்தனை தாள அடி விழுந்தால் அந்த நடன இசை பெரும்பாலும் ஹவுஸ் வகை. 138 என்றால் டிரான்ஸ். 174 என்றால் டிரம் அண்ட் பேஸ். சென்ற நவம்பர் வரை இசக்கிசெல்விக்கு இதில் எதுவும் தெரியாது.

தென்காசிப் பக்கத்திலிருந்து வந்தவர். வயது இருபத்தொன்பது. வல்லம் வடகாலில், கார் கண்ணாடியை ஏற்றி இறக்கும் மோட்டார் செய்கிற ஆலையில் தரப் பரிசோதகர். இருபத்திரண்டு நொடிக்கு ஒரு மோட்டார் கைக்கு வரும். காதருகே ஓடவிட்டுக் கேட்பார். கரகரத்தால் உள்ளே பேரிங் போயிற்று என்று பொருள்; சிவப்பு ஸ்டிக்கர்.

எல்லாம் ஒரு சீட்டால் வந்தது. ஆண்டு விழாவில் உற்பத்தி மேலாளர் ராஜசேகர், 'ஒரே ஒரு பாட்டு' என்று மைக்கைப் பிடித்தால் நாற்பது நிமிடம் விடமாட்டார். யோசனைப் பெட்டியில் இசக்கிசெல்வி எழுதிப் போட்டார்: 'இந்த வருஷம் டிஜே வைக்கலாம்.' யோசனை சொன்னவரே அதைச் செய்துகாட்ட வேண்டும் என்பது ஆலை வழக்கம். ராஜசேகர் சீட்டில் கையெழுத்துப் போட்டு, கீழே ஒரு வரி சேர்த்தார்: 'பதினைந்து நிமிடம். கூட்டம் ஆடாவிட்டால் மைக் என்னிடம்.'

அன்று முதல் உணவு இடைவேளையில் ஹெட்போன், ஸ்டாப்வாட்ச், நோட்டு. முப்பது நொடிக்கு அடியை எண்ணி இரண்டால் பெருக்குவார். தேறியதற்குப் பச்சை ஸ்டிக்கர். டப்ஸ்டெப் என்ற வகையின் பக்கம் முழுக்கச் சிவப்பு.

பக்கத்து மேசை சசிரேகா சேரப்பணஞ்சேரிக்காரி. எட்டிப் பார்த்தாள்.

"இன்னாக்கா, செவப்பா ஒட்டிக்கினு கீற?"

"பேரிங் போயிருக்குட்டி. நீயே கேளு, கர்ர்ருங்கு."

"அய்ய, பாட்டே அதான்க்கா! சரி, டெக்னோவுக்கும் டிரான்சுக்கும் இன்னா வித்தியாசம்?"

"டெக்னோ நம்ம லைன் மாதிரி. ஒரே வேலை, விடாம. டிரான்ஸ் இன்க்ரிமென்ட் மாதிரி. வருது வருதுன்னு இழுக்கும்."

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை ஆண்டு விழா, மாலை நான்கு மணி, கேன்டீன் கூடம், முந்நூறு பேர். இசக்கிசெல்வி லேப்டாப்பைத் திறந்து ஹவுஸில் தொடங்கினார். தலைகள் ஆடின, நாற்காலிகள் ஆடவில்லை. டெக்னோவுக்கும் அதே கதி. முதல் வரிசையில் ராஜசேகர் கைக்கடிகாரத்தைப் பார்த்துத் தொண்டையைச் செருமினார்.

பதினொன்றாவது நிமிடம், டிரான்ஸ். இசை ஏறிக்கொண்டே போய் உச்சியில் அறுந்து, ஒரு கணம் மௌனம், பிறகு மொத்தமாக இறங்கும். அதற்கு டிராப் என்று பெயர். மௌனம் நீண்டால் அடி பலமாக விழும் என்று எங்கோ படித்திருந்ததால், அதை முப்பது நொடிக்கு நீட்டி வைத்திருந்தார்.

இசை நின்றது.

ஆலையில் சத்தம் நின்றால் உற்பத்தி லைன் பழுது. லைன் பழுது என்றால் டீ. முந்நூறு பேரும் எழுந்து டீ கவுன்டருக்கு நடந்தார்கள். மேடையேறிய ராஜசேகர் மைக்கை எடுத்தார்.

"ஒரே ஒரு..."

டிராப் விழுந்தது.

லைன் மறுபடி ஓடினால் முதல் மோட்டார் வருமுன் இடத்தில் நிற்க வேண்டும். அத்தனை பேரும் கப்பும் கையுமாக ஓடிவந்தார்கள். ஓடிவந்த கால்கள் அடியைப் பிடித்துக்கொண்டன, நிற்கவில்லை.

"அக்கா, லைன் ஓடுது!" என்று சசிரேகா கத்தினாள். "நிறுத்திடாத!"

இசக்கிசெல்வி நிறுத்தினார், வேண்டுமென்றே, இன்னும் மூன்று முறை. மூன்று முறையும் போனார்கள், ஓடிவந்தார்கள். கடைசியாகச் சிவப்பு ஸ்டிக்கர் டப்ஸ்டெப்பையும் போட்டார். யாரும் பேரிங்கைப் பற்றிப் புகார் சொல்லவில்லை.

அடுத்த ஆண்டு விழாவின் நிகழ்ச்சி நிரலை ஒட்டிவிட்டார்கள். இசக்கிசெல்விக்கு நாற்பது நிமிடம். ராஜசேகருக்கு ஐந்து, டீ நேரத்தில்.